காய்ச்சலுக்குப் பிறகு அம்மாவுக்கு மல்லிகை கருகிய ரப்பர் மாதிரி வாசமடிக்கிறதாம், இது சரியாகுமா?

ஜெலுத்தோங் மகள்:
வணக்கம். அம்மா பினாங்கு லிட்டில் இந்தியாவில் பூ கட்டி விற்கிறார். கண்ணை மூடிக்கொண்டு மோந்து பார்த்தே இன்றைக்குப் பறித்த பூவா, நேற்று ஐஸ் பெட்டியில் கிடந்ததா என்று சொல்லிவிடுவார். ஐந்து மாதத்துக்கு முன் கடும் காய்ச்சல், சளி. உடம்பு தேறியது, வாசனை மட்டும் சுத்தமாகப் போய்விட்டது. இரண்டு மாதம் கழித்துத் திரும்ப வந்தது, ஆனால் தப்பாக வருகிறது. காப்பி, வதக்கிய வெங்காயம், மல்லிகை எல்லாமே கருகிய ரப்பர். நேற்று ஒரு சரத்தை மூக்கருகே கொண்டுபோனவர் ஒன்றும் பேசாமல் வாளியிலேயே திருப்பிப் போட்டுவிட்டார். கிளினிக்கில் கேட்டால் காத்திருங்கள் என்கிறார்கள். மூளையில் வாசனைக்கென்று ஒரு குமிழ் இருக்கிறதாமே, அது கெட்டால் திரும்ப வளருமா?

பிரிக்பீல்ட்ஸ் டீச்சர்:
உயிரியல் பாடம் எடுக்கிறேன், தெரிந்ததைச் சொல்கிறேன் தங்கச்சி. மூக்கின் உச்சியில் ஒரு சின்னத் தோல்பரப்பு, அங்கேதான் வாசனை நரம்பு செல்கள் இருக்கின்றன. அந்தச் செல்களில் வாசனை மூலக்கூறுகளைப் பிடிக்கும் ஏற்பிகள் இருக்கும், மனிதருக்கு அவை சுமார் 400 வகை. ஒரு செல்லில் பெரும்பாலும் ஒரே வகைதான். இந்த ஏற்பி மரபணுக்களை 1991இல் கண்டுபிடித்ததற்குத்தான் லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்சல் இருவருக்கும் 2004இல் நோபல் கிடைத்தது. செல்களின் இழைகள் சல்லடை மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும் ஒரு எலும்பு வழியாக மேலே ஏறி முகர் குமிழுக்குள் போகின்றன. ஒரே வகை ஏற்பி உள்ள இழைகள் எங்கிருந்து கிளம்பினாலும் அங்கே தமக்கென்று உள்ள குறிப்பிட்ட முடிச்சுகளில் வந்து சேரும், அப்படிப்பட்ட முடிச்சுக்குக் குளோமெருலஸ் என்று பெயர். உதிரிப் பூக்களை வகை பிரித்துத் தனித்தனிச் சரமாகக் கட்டுவது போல, அம்மாவுக்கு இதைச் சொன்னால் உடனே புரியும். மல்லிகை என்பது ஒரு முடிச்சு இல்லை, பல முடிச்சுகள் சேர்ந்து எரியும் ஒரு கோலம். குமிழில் உள்ள மிட்ரல் செல்கள் அதை வாங்கி மூளைக்கு அனுப்பும், கிரானுல் செல்கள் பக்கத்துச் சத்தத்தை அடக்கிக் கோலத்தைத் தெளிவாக்கும்.

இப்போது உங்கள் கேள்வி. மூக்கில் உள்ள நரம்பு செல்கள் வாழ்நாள் முழுக்கப் புதிதாக முளைக்கக்கூடியவை, நம் உடம்பில் அப்படிப்பட்ட நரம்புகள் மிக அரிது. ஆனால் முளைத்தால் போதாது, புது இழை தன் பழைய முடிச்சைத் தேடிப் போய்ச் சேர வேண்டும். பாதி இழை வந்து, மீதி வராமல், சிலது வழி தவறிப் போனால் கோலம் கலைந்துபோகும், மூளை அதை ரப்பர் என்று படிக்கிறது. இதுதான் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். தப்பான வாசனை வருவது பெரும்பாலும் நரம்பு வேலை செய்யத் தொடங்கியதற்கான அறிகுறி.

கருவில் நடந்ததும் இதேதான். மூக்குப் பக்கத்திலிருந்து இழைகள் முன்மூளையைத் தொட்ட பிறகுதான் அங்கே குமிழ் புடைத்து உருவாகும். கால்மன் சிண்ட்ரோம் என்ற பிறவிக் குறைபாடு உள்ளவர்களில் இழைகள் மூளையைச் சரியாகப் போய்ச் சேராததால் குமிழ் சரியாக உருவாகாமல் போகலாம், வாசனையும் தெரியாது.

பட்டர்வொர்த் அண்ணன்:
எனக்கும் இப்படித்தான் இருந்தது தங்கச்சி, ஏறக்குறைய ஒரு வருடம். வாசனைப் பயிற்சி செய்தேன். 2009இல் ஜெர்மனியில் ஹும்மல் குழு வெளியிட்ட முறை: ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு, காலையும் மாலையும் ஒவ்வொன்றையும் பத்து நொடி மெதுவாக மோப்பது, 12 வாரம். வேகமாக உறிஞ்சக் கூடாது, பழைய வாசனையை நினைத்துக்கொண்டே மோக்க வேண்டும். எல்லாருக்கும் கேட்கும் என்று சொல்ல மாட்டேன், எனக்குக் கேட்டது. காது மூக்கு தொண்டை டாக்டரிடமும் ஒருமுறை காட்டிவிடுங்கள். அப்புறம், வீட்டில் கேஸ் கசிந்தால் அம்மாவுக்குத் தெரியாது, ஒரு எச்சரிக்கைக் கருவி வாங்கி மாட்டுங்கள். இதை முதலில் செய்யுங்கள்.

ஜெலுத்தோங் மகள்:
நன்றி அண்ணா, கருவி இன்றைக்கே வாங்குகிறேன். டீச்சர், யூகலிப்டஸ் தைலத்தைக் காட்டியதும் "ஜில்லுன்னு ஏறுது"ன்னு அம்மா முகம் மலர்ந்துவிட்டது. வாசனை வந்துவிட்டதா?

பிரிக்பீல்ட்ஸ் டீச்சர்:
அந்த ஜில் வேறு நரம்பு, முகத்தில் தொடுஉணர்வையும் காரத்தையும் கடத்தும் முப்பெருநரம்பு. குமிழ் வழியாக வருவதில்லை. ரோஜாவில் அந்த ஜில் கிடையாது, அதனால் அதை வைத்துத்தான் தெரியும். தினமும் என்ன தெரிந்தது என்று ஒரு வரி எழுதிவையுங்கள், ரப்பர் வாசம் கொஞ்சம் குறைந்தாலும் எழுதுங்கள். மல்லிகையைக் கடைசியாகக் கொடுங்கள், அவராகக் கேட்கும்போது.