எடைக்கு வாங்கிய தூக்கு 4,500 ரூபாய்: காரைக்குடி பழம்பொருள் பேரம் நியாயமா?

கானாடுகாத்தான் பேத்தி:
காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடை ஒன்றில் போன வாரம் எங்கள் அப்பத்தாவின் பித்தளைத் தூக்கைப் பார்த்தேன். மூடியில் ஐயா பெயரின் முதலெழுத்துகள் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும், அதை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். இரண்டு வருடம் முன்பு ஒருவர் வீட்டுக்கே வந்து, 11 கிலோ பித்தளை என்று தராசில் போட்டு 3,300 ரூபாய் கொடுத்துவிட்டுப் போனார். அதிலிருந்த இந்த ஒரு தூக்குக்கு மட்டும் இப்போது 4,500 சொல்கிறார்கள். இது அநியாயம் இல்லையா?

பழைய நிலைக்கதவு:
வருத்தம் புரிகிறது தங்கச்சி. நானும் 20 வருடமாக இதே தொழில்தான். 4,500 என்பது சொல்கிற விலை. வருகிறவர்கள் பாதியிலிருந்துதான் கேட்கவே ஆரம்பிப்பார்கள். என் கடையில் ஒரு தேக்கு நிலை ஆறு வருடம் தார்ப்பாய்க்குள் கிடந்து, போன மாதம்தான் போனது. அதில் முடங்கிய பணத்துக்கு வட்டி யார் தருவார்? வாடகை, புளி போட்டுத் தேய்க்கிற கூலி வேறு. பத்துச் சாமானில் மூன்றுதான் சட்டென்று ஓடும். மீதி ஏழையும் அந்த மூன்றுதான் தாங்க வேண்டும்.

கானாடுகாத்தான் பேத்தி:
அண்ணே, வாடகை, வட்டி எல்லாம் சரி. விலை பிடிக்காதவர் அடுத்த கடைக்குப் போய்விடலாம், அந்தப் பேரத்தில் எனக்குக் குறையே இல்லை. நீங்கள் வீடுகளில் வாங்குகிற விதத்தைத்தான் கேட்கிறேன். அன்றைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவர் எனாமல் தட்டுகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து அடி முத்திரையைப் பார்த்தாராம். ‘மேட் இன் ஸ்வீடன்’ என்று இருந்ததையெல்லாம் ஓரமாக அடுக்கிவிட்டு, “எல்லாம் பெயர்ந்துபோன தட்டு ஆச்சி, பித்தளையோடு சும்மா எடுத்துக்கிறேன்” என்றாராம். ஒன்றுக்கும் ஆகாத தட்டை எதற்குத் தனியாக அடுக்க வேண்டும்?

எட்டில் ஒரு பங்கு:
நம் மேலும் தப்பு இருக்கிறது. எங்கள் வீட்டைப் பிரித்தபோது எட்டுப் பங்காளிகளில் ஒருவர்கூட இன்னொரு கடையில் விலை கேட்கவில்லை. ஊருக்குத் திரும்புகிற அவசரம். சட்டமும் இதில் உதவாது. 1972ஆம் வருடத் தொல்பொருள் சட்டம் பொதுவாக 100 வருடம் ஆன பொருளுக்குத்தான், அதை விற்கிறவருக்கு உரிமம் வேண்டும். அதற்குப் பிந்திய தட்டும் தூக்கும் அதில் வராது. நாமேதான் நாலு இடம் விசாரிக்க வேண்டும்.

கானாடுகாத்தான் பேத்தி:
80 வயதில் தனியாக இருப்பவர் எந்த நாலு இடம் போவார்?

பழைய நிலைக்கதவு:
நியாயம்தான். ஆனால் நான் முழு விலையையும் சொன்னால் அதை வைத்தே அடுத்தவரிடம் ஏற்றிக் கேட்பார்கள். இத்தனை வருடம் கற்றது அங்கேயே போய்விடும். அதனால் விலையைச் சொல்ல மாட்டேன், குப்பை என்றும் சொல்ல மாட்டேன். பெயர் வெட்டியது, முத்திரை உள்ளது என்றால் எடையில் சேர்க்காமல் தனியாக விலை பேசுவேன். தட்டு விஷயத்தில் அவர் செய்தது தப்பு. தூக்கு எந்தக் கடையில் இருக்கிறது? தனிச்செய்தியில் சொல்லுங்கள், கூட வந்து பேசுகிறேன்.

கானாடுகாத்தான் பேத்தி:
அனுப்பியிருக்கிறேன் அண்ணே. 2,000 வரை தருகிறேன். அது போய்விடுவதற்குள் வாருங்கள்.