கால் டாக்டருக்குப் படிக்கிற பொண்ணு, கிளாஸ் ரெப்பாம்... எப்படிப் பேச்சு குடுக்குறது?

சிப்புட்டு அக்கா:
வணக்கம். நாங்க மலேசியாவுல சுங்கை சிப்புட்ல இருக்கோம், ரப்பர் தோட்டத்த விட்டு தாமானுக்கு, அதான் வீடமைப்புப் பகுதிக்கு, வந்து பல வருஷமாச்சு. பக்கத்து வீட்டுப் பொண்ணு ஸ்காட்லாந்துல போடியாட்ரி, அதான் பாத வைத்தியம், படிக்குது, மூணாவது வருஷம், லீவுக்கு வந்துருக்கு. போன வாரம் கோயில்ல தீமிதிக்கு பேர் எழுதுறாங்க, எங்க மாமா பேர் குடுத்தாரு, இது நேரா போயி "மாமா, அடிப்பாதத்தக் காட்டுங்க"ன்னு கேட்டுச்சு, எல்லாரும் சிரிச்சிட்டாங்க. அங்க அது கிளாஸ் ரெப்புன்னு அவங்கம்மா சொல்றாங்க, கூடப் படிக்கிற பிள்ளைங்களுக்காக லெக்சரர்கிட்ட பேசுமாம். என் மக யுனிவர்சிட்டி போறதுக்கு முன்னாடி எழுதுற எஸ்டிபிஎம் பரீட்ச எழுதப்போறா, அதுகூட பழகுனா நல்லதுன்னு பாக்குறேன், ஆனா என்னா கேக்குறதுன்னே தெரியல லா. நகம் வெட்டுற படிப்பான்னு கேட்டா கோச்சிக்குமா?

வெள்ளச்சப்பாத்து:
நான் நர்ஸ் க்கா. தயவுசெஞ்சி அப்படி கேட்டுறாதீங்க. 2023 சுகாதார ஆய்வுல நம்ம நாட்டுல 18 வயசும் அதுக்கு மேலயும் உள்ளவங்கள்ல 15.6 சதவீதம் பேருக்கு இனிப்பு நீர், அதான் சர்க்கரை வியாதி. சீனி ரொம்ப நாளு ஏறியே கெடந்தா பாதத்துல நரம்பு மரத்துப்போகும், ஆணி குத்துனாலும் தெரியாது, செலிப்பர்ல ரத்தத்தப் பாத்துதான் தெரியும், ரத்த ஓட்டமும் கொறஞ்சிட்டா புண்ணு ஆறாது, அப்புறம் வெரலு, அப்புறம் காலு. அதான் மாமா பாதத்தக் கேட்டுருக்கு. சிரிச்சவங்கள்ல எத்தன பேருக்கு இனிப்பு நீரோ.

பால்மரத்துப் பெருசு:
ரெப்புன்னா நமக்குத் தெரியாததா தங்கச்சி. 1954ல ஆரம்பிச்ச தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்துல நான் கிளைச் செயலாளரா இருந்தவன். தண்ணிக் குழாய் ஒடஞ்சதுக்கும் நம்ம வீட்டுக்குத்தான் வருவாங்க, ஆபீஸ்ல போயி பேசுனா கிராணி, அதான் தோட்டத்துக் கணக்குப்பிள்ளை, மொதல்ல கேக்குறது "யாரு சொன்னா?" பேரச் சொல்லிட்டா அவனுக்கு மறுநாளே பால் வெட்ட மோசமான மரவரிசை குடுப்பாங்க. அந்தப் பொண்ணுகிட்ட இதக் கேளுங்க, பேரக் கேட்டா என்னா பண்ணுவன்னு. ஆளு எப்படின்னு தெரிஞ்சிரும்.

குதிகால்:
அத்தே, அது நான்தான். கோவமெல்லாம் இல்ல, நகமும் வெட்டுவோம், குனிய முடியாத பாட்டிக்கு அது பெரிய விஷயம். ஸ்காட்லாந்துல 4 வருஷம், இங்கிலாந்துல 3, ப்ளேஸ்மெண்ட், அதான் கிளினிக்ல பயிற்சி, மட்டும் ஏறக்குறைய 1000 மணி நேரம், எச்.சி.பி.சி.ங்கிற பதிவு அமைப்புல பதியாம அங்க யாரும் போடியாட்ரிஸ்ட்னு போட்டுக்க முடியாது. ரெப்பு ஆனது ஆசப்பட்டு இல்ல, யாருமே கை தூக்கல, அந்த அமைதி தாங்காம நான் தூக்கிட்டேன். தாத்தா கேட்டதுக்கு பதில்: ஒருத்திக்கு ரெண்டு பஸ்ஸு மாறிப் போற எடத்துல காலைலயே கிளினிக் பயிற்சி போட்டுட்டாங்க, கைக்குழந்தக்காரி, பேச பயம். மீட்டிங்ல "ஒரு ஸ்டூடண்டுக்கு"ன்னு ஆரம்பிச்சேன், யாருன்னாங்க, ரோஸ்டரப் பத்தி, அதான் யாருக்கு எப்ப எங்கங்கிற அட்டவணையப் பத்தி, மட்டும் பேசலாமேன்னேன். மாத்த ரெண்டு வாரம் ஆச்சு, எனக்கு வயித்தக் கலக்குனது மிச்சம். வாட்ஸ்அப் குரூப்ல கத்துறவங்கள வச்சி ஒண்ணும் முடிவு பண்ண முடியாது அத்தே, மெசேஜே போடாதவங்களத்தான் கேண்டீன்ல தேடிப் புடிக்கணும்.

மாமாவுக்கு நான் வைத்தியம் பாக்கக்கூடாது, இன்னும் ஸ்டூடண்டுதான். கிளினிக்ல 10 கிராம் நைலான் நூல் டெஸ்ட்டு கேக்கச் சொல்லுங்க, கண்ண மூடிக்கணும், நூல் வளையிற வரைக்கும் பாதத்துல அழுத்துவாங்க, தெரியுதா இல்லையான்னு சொல்லணும், அவ்ளோதான். தங்கச்சிய சாயந்தரம் அனுப்புங்க, ஊத்தப்பம் இருக்கு.

சிப்புட்டு அக்கா:
ஐயோ கண்ணு, நீதானா! மன்னிச்சிக்க ம்மா.

அப்டேட்: மாமா கிளினிக் போனாரு, வலது கால்ல மூணு எடத்துல நூலு பட்டதே தெரியலையாம். மனுஷன் ரெண்டு நாளு யார்கூடவும் பேசல, அப்புறம் தீமிதிய விட்டுட்டு பால்குடம்னுட்டாரு. அதுவும் வெறுங்காலு, தார் ரோடு! இந்தப் பொண்ணு கோயில் கமிட்டிகிட்ட போயி பால்குடத்த வெயில் ஏறுறதுக்குள்ள காலைல ஏழுக்கே கெளப்புங்க, ரோட்டுல தண்ணி அடிங்கன்னு பேசிக்கிட்டு இருக்கு. யாருக்காகன்னு தலைவர் மூணு தடவ கேட்டுட்டாரு, சொல்ல மாட்டேங்குது.