அமானுஷ்யக் கதை, காமிக்ஸ், கூடவே இசை: எதை, எந்த வரிசையில்?

நடுச்சாமம் கேட்டது:

ரத்தம் தெறிக்கிற ரகம் வேண்டாம். படித்து முடித்தபின் விளக்கை அணைக்கக் கை தயங்க வேண்டும், அந்த ரகம் போதும். தமிழ் வேகமாகப் படிப்பேன், ஆங்கிலம் சுமார். கையில் ஒரு 6 அங்குல போன், ஒரு 10 அங்குல டேப்லெட். இரவு பத்து மணிக்கு மேல் ஒரு மணி நேரம் கிடைக்கும்.

மூன்று விஷயம் தெரியணும். சிறுகதைகளை எதில் தொடங்கலாம்? ஜப்பானிய மங்காவில் எல்லோரும் அலறுகிற பக்கங்கள் திரையில் சப்பென்று இருக்கின்றன, ஏன்? படிக்கும்போது பின்னணியில் ஓடவிட, சினிமா பேய் இசை இல்லாமல், தனியாக இயங்கும் கலைஞர்களின் புது ஆல்பங்களை எங்கே தேடுவது? இலவசமாகக் கிடைப்பதை முதலில் சொல்லுங்கள், காசு கொடுத்து வாங்குவது அப்புறம்.

---

ஆலமரத்தான் எழுதியது:

கதைப் பகுதிக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

முதல் இரவு புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'. மதுரைத் திட்டம் என்ற இணையத் தமிழ் நூலகத்தில் இலவசமாக இருக்கிறது. எழுத்தாளர், அவர் மனைவி, வேலைக்கென்று வந்து சேரும் ஒரு பெண், நடுராத்திரியில் மூக்கில் ஏறும் ஒரு வாடை. அவ்வளவுதான் சரக்கு. பேயைக் காட்டுவதற்கு முன் மூக்கைத் தொந்தரவு செய்கிறார் பாருங்கள், அங்கேதான் கதை பிடிக்கிறது. கண்ணால் பார்த்ததை 'பிரமை' என்று தள்ளிவிடலாம். வாடையை அப்படித் தள்ள முடியாது. கடைசிவரை 'இது நடந்ததா, தோன்றியதா' என்று அவர் தீர்ப்புச் சொல்வதில்லை. படித்ததும் அதே கையின் 'வேதாளம் சொன்ன கதை'யைப் படிக்காதீர்கள், அது கிண்டல். ஏறிய பயம் இறங்கிவிடும். மறுநாள் பகலில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸின் 'குரங்கின் கை' (1902). ஆங்கிலம் சுமார் என்றாலும் அரை மணி நேரத்தில் முடியும், வாக்கியங்கள் எளிது. கடைசிக் காட்சியில் கதவு தட்டப்படுகிறது, வெளியே நிற்பது யார் என்று கடைசிவரை காட்டுவதில்லை. இந்த ரகம் உங்களுக்கு ஒத்துவருமா என்று பார்க்க இதைவிட நல்ல சோதனை இல்லை. ஒத்துவராவிட்டால் கீழே உள்ளவற்றைத் தொடவே வேண்டாம்.

அதற்குப் பிறகு எம். ஆர். ஜேம்ஸ். கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் கிறிஸ்துமஸ் சமயம் நண்பர்களுக்கு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் வாசித்துக்காட்ட எழுதிய கதைகள். முதல் தொகுப்பு 1904. நல்ல பேய்க்கதைக்கு இரண்டே பொருள்தான் முக்கியம் என்று பின்னாளில் ஒரு முன்னுரையில் எழுதினார்: சூழல், அளந்து ஏற்றும் உச்சம். அதனால்தான் முதல் சில பக்கங்கள் ஆமை வேகம். அவற்றைத் தாண்டிக் குதித்தால் கதை கெட்டுவிடும். 'ஊதினால் வருவேன்' என்ற பொருளில் தலைப்புள்ள விசில் கதையில், பேராசிரியர் தங்கும் விடுதி அறையில் இரண்டு கட்டில் இருப்பதை ஜேம்ஸ் ஆரம்பத்திலேயே, ஏதோ இட வசதிப் பிரச்சினை மாதிரி, போகிற போக்கில் சொல்லிவிடுவார். அந்த இரண்டாவது கட்டிலை மனதில் வைத்துக்கொள்ளாமல் படித்தால் முடிவு வெறும் துணி மூட்டை. விசிலில் பொறித்த லத்தீன் வரிக்கு 'வந்துகொண்டிருக்கும் இவன் யார்?' என்று அர்த்தம். இதைத் தெரிந்துகொண்டே படியுங்கள், ஒன்றும் கெடாது, இன்னும் நன்றாக உறைக்கும்.

கடைசியாக ஆல்ஜெர்னன் பிளாக்வுட்டின் 'வில்லோ மரங்கள்' (1907). டான்யூப் நதியில் வியன்னாவுக்கும் புடாபெஸ்டுக்கும் நடுவே, வெள்ளத்தில் கரைந்துகொண்டிருக்கும் ஒரு மணல் தீவில் இரண்டு பேர் கூடாரம் போடுகிறார்கள். பேய் என்று எதுவும் இல்லை. காலையில் எழுந்தால் துடுப்பு ஒன்று குறைகிறது, மிச்சமிருப்பதை யாரோ பார்த்துப் பார்த்துச் சுரண்டி மெலிய வைத்திருக்கிறார்கள், படகின் அடியில் கிழிசல். இப்படிப் பொருள்களை வைத்தே பயமுறுத்துவார். இரண்டு மணி நேரம் ஆகும். துண்டு துண்டாகப் படித்தால் தீவு சுருங்குவது உறைக்காது. சனிக்கிழமை இரவுக்கு ஒதுக்குங்கள்.

ஆங்கிலக் கதைகள் எல்லாம் குடன்பர்க் திட்டம் என்ற இணைய நூலகத்தில் இலவசம். மொழி தடுக்கினால் லிப்ரிவாக்ஸ் என்ற இலவச ஒலிநூல் தளத்தின் பதிவை ஓடவிட்டு, எழுத்தையும் கண்ணால் தொடருங்கள். ஒரே கதைக்கு இரண்டு மூன்று பேர் வாசித்த பதிவு இருக்கும். முதல் இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு, நாடகம் போடாமல் நிதானமாக வாசிப்பவரைத் தேர்ந்தெடுங்கள்.

---

மைக்கறை எழுதியது:

மங்கா சப்பென்று இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் செட்டிங்.

ஜப்பானியப் புத்தகம் வலமிருந்து இடம் போகும். விரித்தால் வலப்பக்கம் முதலில், இடப்பக்கம் அப்புறம், பிறகு தாள் புரளும். ஜுன்ஜி இட்டோ மாதிரித் திகில் மங்கா வரைபவர்கள் இடப்பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் ஒருவர் எதையோ பார்த்துத் திகைக்கும் முகத்தை வைப்பார்கள். அவர் எதைப் பார்த்தார் என்பது தாளைப் புரட்டியதும் வலப்பக்கத்தில், பெரும்பாலும் முழுப்பக்க ஓவியமாக வரும். தாள் புரளும் அந்த அரை விநாடிதான் மொத்த வித்தையும்.

டேப்லெட்டில் இரண்டு பக்கத்தைச் சேர்த்துக் காட்டும்போது, அட்டையைத் தனிப்பக்கமாக எண்ணாவிட்டால் ஜோடி ஒன்று நகர்ந்துவிடும். திகைத்த முகமும் அது பார்த்த பொருளும் ஒரே திரையில் பக்கத்துப் பக்கத்தில். கண் முதலில் பெரிய ஓவியத்துக்குத்தான் ஓடும், போச்சு. செயலியில் 'முதல் பக்கம் தனியே' என்ற தேர்வு இருக்கும், அதைப் போடுங்கள். நடுவில் வெற்றுப்பக்கம் விடுபட்ட கோப்பாக இருந்தால் அதன்பின் மறுபடி நகரும். அப்போது அந்தத் தேர்வை எடுத்துவிட்டால் சரியாகிவிடும்.

போனில் செங்குத்தாக உருட்டும் முறை இன்னும் மோசம், அடுத்த பக்கத்தின் மேல்விளிம்பு முன்கூட்டியே எட்டிப் பார்க்கும். ஒரு பக்கம், ஒரு தள்ளல் என்று வையுங்கள். 10 அங்குல டேப்லெட்டைச் செங்குத்தாகப் பிடித்தால் ஒற்றைப்பக்கம் கிட்டத்தட்ட அச்சுப் புத்தக அளவுக்கே வரும். அதுதான் உங்களுக்குச் சரி. இரண்டு பக்கம் பரவிய ஓவியம் வந்தால் மட்டும் சாய்த்துக்கொள்ளுங்கள். நிறம் தலைகீழாகும் இரவுமுறை வேண்டாம். வெளிச்சத்தை மட்டும் குறையுங்கள்.

எதில் தொடங்குவது? இட்டோவின் 'ஜியோ' இரண்டாம் பாகத்தின் கடைசியில் ஒட்டியிருக்கும் 'அமிகாரா பிளவின் புதிர்'. நிலநடுக்கத்தில் பிளந்த மலையில் மனித உருவத் துளைகள். ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட ஆளுக்கென்றே வெட்டியது மாதிரி. சிறியது, ஒரே அமர்வில் முடியும். பிடித்தால் அவருடைய 'உசுமாகி' (1998-99; பெயருக்குச் 'சுருள்' என்று பொருள், கதை முழுக்கச் சுருள்தான்), மூன்று பாகமும் சேர்ந்த ஒரே தொகுப்பாகக் கிடைக்கிறது. ஒரு நாளைக்கு இரண்டு அத்தியாயத்துக்கு மேல் வேண்டாம். முதல் பாதி தனித்தனிச் சம்பவங்கள், சேர்த்து விழுங்கினால் 'இன்னொரு சுருளா' என்று அலுத்துவிடும்.

இட்டோவின் நுண்கோடுகள் போன் அளவுக்குச் சுருங்கினால் கோடு கோடாக அலையடிக்கும். போனில்தான் படிப்பேன் என்றால் மைக் மிக்னோலாவின் அமெரிக்கக் காமிக்ஸ் 'ஹெல்பாய்' (1994 முதல்). தட்டையான பெரிய கறுப்பு, சிறிய திரையிலும் கெடாது. ஆனால் மங்காவுக்குப் போட்ட வலமிருந்து இடம் செட்டிங்கை மாற்றிவிட்டுத் திறங்கள், இல்லையென்றால் கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்குவீர்கள்.

இலவசத்துக்கு டிஜிட்டல் காமிக் மியூசியம் என்ற இணையதளம். உரிமை காலாவதியான பழைய அமெரிக்க இதழ்கள். 1954-இல் அங்கே காமிக்ஸ் தணிக்கை விதி வந்து, ரத்தக்காட்டேரி, நடைப்பிணம் எல்லாவற்றுக்கும் தடை போட்டார்கள், இதழின் பெயரில்கூட 'ஹாரர்' என்ற சொல் வரக்கூடாது. அதற்கு முந்திய சில வருடத்து இதழ்களைத் தேடுங்கள். எழுத்து சுமார், அட்டைப்படங்கள் அபாரம்.

---

ரீங்காரம் எழுதியது:

இசைக்கு பேண்ட்கேம்ப், கலைஞர்கள் தங்கள் ஆல்பத்தை நேரடியாக விற்கும் தளம். தேடலில் டார்க் ஆம்பியன்ட் (இருண்ட சூழல் இசை), டிரோன் (நீண்டு ஒலிக்கும் ஒரே நாதம்), டன்ஜன் சிந்த் (நிலவறை உணர்வு தரும் சிந்தசைசர் இசை) ஆகிய குறிச்சொற்களை ஆங்கில எழுத்தில் போட்டு, வரிசையைப் 'புதிதாக வந்தவை' என்று மாற்றுங்கள். விற்பனை வரிசையில் விட்டால் ஒரே பத்துப் பேர்தான் வருவார்கள். வாங்காமலேயே கேட்கலாம், நிறைய ஆல்பங்களுக்கு விலை 'உங்கள் விருப்பம்', பூஜ்யமும் போடலாம்.

இதைவிடப் பலன் தருவது இன்னொன்று. ஆல்பத்தின் பக்கத்தில் வாங்கியவர்களின் சின்னப் படங்கள் வரிசையாக இருக்கும். உங்களுக்குப் பிடித்த இரண்டு ஆல்பத்தையும் வாங்கிய ஒருவரைக் கண்டுபிடித்து அவருடைய சேகரிப்பைத் திறங்கள். எந்தப் பரிந்துரை இயந்திரத்தையும் விட அது துல்லியம். காசு கொடுப்பதாக இருந்தால் 'பேண்ட்கேம்ப் வெள்ளி' அறிவிக்கும் நாளில் கொடுங்கள். 2020 மார்ச்சில் தொடங்கியது. வழக்கமாக டிஜிட்டல் விற்பனையில் தளம் எடுக்கும் 15 சதவீதப் பங்கை அன்று எடுப்பதில்லை.

அளவுகோலுக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன்: லஸ்ட்மார்ட் என்ற இசைக்கலைஞரின் 'ஹெரசி' (1990). நிலவறை, குகை போன்ற இடங்களின் எதிரொலியையே கருவியாக்கிய ஆல்பம். இந்த ரகத்தில் புதுசு எது வந்தாலும் இதன் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள், போலி உடனே தெரிந்துவிடும்.

கேட்கும்போது கெடுப்பவை: போன் ஸ்பீக்கரில் அடிநாதம் வரவே வராது, வெறும் 'உஸ்' மட்டும்தான் மிஞ்சும், வயர் இயர்போன் போடுங்கள். மின்விசிறிச் சத்தமும் அதே தாழ்ந்த பகுதியை மூடிவிடும். சத்தத்தைக் கூட்டாமல் விசிறியின் வேகத்தைக் குறையுங்கள். பாட்டுக்குப் பாட்டு கலக்கும் கிராஸ்ஃபேடையும், வரிசையைக் கலைக்கும் ஷஃபிளையும் அணையுங்கள். தொடர்ந்து ஓடும் ஆல்பத்தில் எம்பி3 கோப்பு பாட்டுக்கு நடுவே நூலிழை மௌனம் விடலாம், அது படிப்பவரை உலுக்கும். ஃப்ளாக் என்ற தரம் குறையாத கோப்பு வடிவத்தில் அந்தத் தொல்லை கிடையாது. புரியும் மொழியில் வார்த்தை உள்ள பாட்டு அறவே வேண்டாம், கண்ணும் காதும் ஒரே வாக்கியத்துக்குச் சண்டை போடும்.

---

ஆந்தைக்கண் எழுதியது:

ரீங்காரம் சொன்னது காமிக்ஸுக்குச் சரி. கதைக்கு இசையே வேண்டாம் என்பேன். ஜேம்ஸ் அளந்து ஏற்றுவார் என்று ஆலமரத்தான் சொன்னார் இல்லையா, நாற்பது நிமிட டிரோன் முதல் வரியிலேயே 'பயப்படு' என்று சொல்லிவிட்டால் அவர் ஏற்ற என்ன மிச்சம்? 'காஞ்சனை'க்கும் அப்படியே. அந்த வீட்டில் முதலில் எல்லாம் சாதாரணமாக இருக்க வேண்டும்.

இன்னொன்று, தமிழில் அச்சுக் காமிக்ஸே இருக்கிறதே! சிவகாசியிலிருந்து வரும் லயன்-முத்து காமிக்ஸில் இத்தாலியின் டைலன் டாக் தமிழில் வந்திருக்கிறது. 1986-இல் டிசியானோ ஸ்கிளாவி உருவாக்கிய லண்டன் துப்பறிவாளன், கொடுங்கனவுகளைத் துப்பறிவதே தொழில். யோசிக்க வேண்டுமென்றால் கிளாரினெட் எடுத்து இத்தாலிய இசையமைப்பாளர் டார்ட்டினியின் 'சாத்தானின் நடுக்கநாதம்' என்ற ஒரே உருப்படியைத்தான் வாசிப்பான். மூலம் வயலினுக்கு எழுதியது. முன்னாலேயே ஒருமுறை கேட்டுவிட்டுப் படியுங்கள். இது இடமிருந்து வலம், தாளில், செட்டிங் தொல்லை எதுவும் இல்லை.

---

நடுச்சாமம் எழுதியது:

முதல் பக்கத்தைத் தனியே போட்டதும் ஜோடி சரியாகிவிட்டது, நன்றி மைக்கறை. ஒரு சந்தேகம்: வேறொரு சிபிஇசட் (காமிக்ஸ் பக்கப் படங்களை அடக்கிய) கோப்பில் ஒன்றாம் பக்கத்துக்குப் பிறகு பத்தாம் பக்கம் வருகிறது.

---

மைக்கறை எழுதியது:

உள்ளே படங்களுக்கு 1, 2, 10 என்று பெயர் இருக்கும். சில செயலிகள் எழுத்து வரிசையில் அடுக்குவதால் 1-க்குப் பின் 10 வந்துவிடுகிறது. சிபிஇசட் என்பது ஜிப்தான். பின்னொட்டை ஜிப் என்று மாற்றி, பிரித்து, 001, 002 என மூன்று இலக்கத்தில் பெயரிட்டு, படங்களை மட்டும் தேர்ந்தெடுத்துத் திரும்ப ஜிப் போட்டு, பழைய பின்னொட்டைக் கொடுங்கள். பெயரிடும்போது படங்களைச் சின்னதாக வைத்தே பாருங்கள், முழு அளவில் திறந்தால் கடைசிப் பக்கம் கண்ணில் பட்டுவிடும்.