பிராக்ஸ்மாக்ஸ் இரண்டு சர்வர் கிளஸ்டர்: ஒன்றை அணைத்தால் மற்றதும் தானாக ரீபூட் ஆகிறது

நெய்தல்78:

அனைவருக்கும் வணக்கம். சிறு நிறுவனங்களுக்கு சர்வர் அமைத்துக் கொடுக்கும் ஆலோசகராகப் பணிபுரிகிறேன். உற்பத்தித் தொழிலில் இருக்கும் வாடிக்கையாளர் ஒருவர் பல ஆண்டுகளாக, ஒரே சர்வருக்குள் பல மெய்நிகர் கணினிகளை (வி.எம்.) ஓட்டும் வி.எம்.வேர் மென்பொருளைப் பயன்படுத்தி வந்தார். பிராட்காம் 2023 நவம்பரில் வி.எம்.வேரை வாங்கி, டிசம்பரில் நிரந்தர உரிம விற்பனையை நிறுத்திச் சந்தா முறைக்கு மாறிய பின், புதுப்பிக்கும் செலவு அவருக்குக் கட்டுப்படியாகவில்லை. ஆகவே அதே வேலையைச் செய்யும் பிராக்ஸ்மாக்ஸுக்கு மாற்றிக் கொண்டிருக்கிறோம்.

தலா 128 ஜி.பி. நினைவகம் உள்ள இரண்டு சர்வர்கள், ஒரே அமைப்பாக (கிளஸ்டர்) இணைக்கப்பட்டுள்ளன. இரண்டிலும் உள் டிஸ்க்குகளில் இசட்.எஃப்.எஸ். கோப்பு முறை; பொதுவான ஸ்டோரேஜ் கிடையாது. வி.எம்.கள் 15 நிமிடத்துக்கு ஒரு முறை எதிர் சர்வருக்கு ரெப்ளிகேட் (நகல்) ஆகின்றன, எல்லாம் ஹெச்.ஏ.வில் (ஒரு சர்வர் நின்றால் அதன் வி.எம்.களை மற்றதில் தானாகத் தொடங்கும் வசதி) சேர்க்கப்பட்டுள்ளன. ஒப்படைக்கும் முன் சோதனையாக முதல் சர்வரின் மின் இணைப்பைத் துண்டித்தேன். ஏறத்தாழ ஒரு நிமிடத்தில், எந்தக் குறையும் இல்லாத இரண்டாவது சர்வரும் தானாக ரீபூட் ஆனது. எழுந்து வந்த பிறகு, முன்பு அதிலேயே ஓடிக்கொண்டிருந்த வி.எம்.கள்கூடத் தொடங்கவில்லை. கையால் தொடங்க முயன்றால் "கிளஸ்டர் நாட் ரெடி - நோ குவோரம்?" என்று பிழைச் செய்தி வருகிறது. யு.பி.எஸ்., பவர் சப்ளை, நினைவகம் ஆகியவற்றைச் சோதித்துவிட்டேன். பழுது எதுவும் இல்லை. வி.எம்.வேரில் இதே போல இரண்டு சர்வர்தான் இருந்தன, ஒன்று நின்றால் மற்றது எடுத்துக்கொண்டது. இங்கே ஏன் இப்படி நடக்கிறது?

கருங்கல்:

ஹார்டுவேரில் தேட வேண்டாம். உங்கள் கிளஸ்டர் தனக்கு விதிக்கப்பட்டபடிதான் நடந்திருக்கிறது.

பிராக்ஸ்மாக்ஸின் கிளஸ்டர் கோரோசிங்க் என்னும் மென்பொருளின் மேல் நிற்கிறது. ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு வாக்கு. மொத்த வாக்குகளில் பாதிக்கு மேல் இருந்தால்தான் குவோரம், அதாவது கிளஸ்டர் செயல்படத் தேவையான பெரும்பான்மை. இரண்டு வாக்குகளில் பாதிக்கு மேல் என்றால் இரண்டுமே வேண்டும். ஒன்று நின்றவுடன் எஞ்சியதால், மற்றது இறந்துவிட்டதா அல்லது இடையிலுள்ள கேபிள்தான் அறுந்ததா என்று அறிய முடியாது. ஹெச்.ஏ. வி.எம்.கள் ஓடும் சர்வர் குவோரத்தை இழந்தால், எதிர்த்தரப்பு அதே வி.எம்.களைத் தொடங்கியிருக்கக்கூடும் என்று கருதி, வாட்ச்டாக் என்னும் கண்காணிப்பு டைமர் மூலம் சுமார் 60 விநாடிகளில் தன்னைத்தானே ரீபூட் செய்துகொள்ளும். எழுந்த பிறகும் குவோரம் இல்லாததால் கட்டமைப்புக் கோப்புகள் படிக்க மட்டுமே கிடைக்கும், எந்த வி.எம்.மும் தொடங்காது. கிளஸ்டர் நிலையைக் காட்டும் கட்டளையை இப்போது கொடுத்துப் பாருங்கள்: எதிர்பார்க்கும் வாக்கு 2, இருக்கும் வாக்கு 1, அதன் அருகே "ஆக்டிவிட்டி பிளாக்டு" என்று இருக்கும்.

வி.எம்.வேர் வேறு வழியில் செல்கிறது. அங்கே சர்வர்கள் தங்களுக்குள் ஒரு தலைமையைத் தேர்ந்தெடுத்து, நெட்வொர்க்கோடு பொதுவான டேட்டாஸ்டோர் (ஸ்டோரேஜ்) வழியாகவும் ஒன்றையொன்று கண்காணிக்கின்றன. ஆகவே அங்கு இரண்டு சர்வர் போதுமாக இருந்தது.

புதுவரவு:

எதிர்பார்க்கும் வாக்கை 1 என்று மாற்றும் கட்டளை இருக்கிறதே, அதைக் கொடுத்தால் உடனே வேலை செய்யுமே?

கருங்கல்:

செய்யும். எதிர் சர்வர் அணைந்திருப்பதை நேரில் பார்த்து உறுதிசெய்த பின், அவசரத்துக்கு மட்டும் அதைப் பயன்படுத்தலாம். நிரந்தர ஏற்பாடாக வைத்தால் பேராபத்து. கேபிள் மட்டும் அறுந்த நாளில் உதாரணமாக, பில் போடும் ஈ.ஆர்.பி. மென்பொருளின் வி.எம்.மை இரு பக்கமும் தொடங்கிவிடும். ஒரே ஐ.பி. முகவரியில் இரண்டு பிரதிகள் ஓடும். பாதிப் பேர் ஒன்றிலும் மீதிப் பேர் மற்றதிலும் பில் போடுவார்கள். ஒரே பில் எண்ணில் இரண்டு வாடிக்கையாளர்கள் இருப்பார்கள். அந்த இரண்டு டேட்டாபேஸ்களையும் பிறகு எந்தக் கருவியாலும் ஒன்றாக்க முடியாது.

உங்களுக்குத் தேவை மூன்றாவது வாக்கு. அதற்கு மூன்றாவது பெரிய சர்வர் வேண்டியதில்லை, வாக்களிக்க மட்டும் உதவும் க்யூடிவைஸ் போதும். டெபியன் லினக்ஸ் ஓடும் எந்தச் சிறு இயந்திரத்திலும் க்யூநெட்டி பேக்கேஜை நிறுவி, டி.சி.பி. 5403 போர்ட்டைத் திறந்துவிட்டால் அது வாக்களிக்கும். அது அதே கிளஸ்டருக்குள் ஒரு வி.எம்.மாக மட்டும் இருக்கக் கூடாது. அது ஓடும் சர்வர் விழும்போது வாக்கும் சேர்ந்து விழும்.

நெய்தல்78:

மிக்க நன்றி, தெளிவாகப் புரிந்தது. பேக்கப்புக்கென்று தனியாக ஒரு டெபியன் இயந்திரம் இருக்கிறது, அதிலேயே நிறுவுகிறேன். ஆனால் இரண்டு சர்வர்களும் இந்த இயந்திரமும் ஒரே ஸ்விட்சில்தான் இணைந்துள்ளன. அது நின்றால் என்ன ஆகும்?

கருங்கல்:

இப்போதைய நிலையில் ஸ்விட்சை ஒரு முறை ரீபூட் செய்தாலே, அது எழுந்து வர ஒரு நிமிடத்துக்கு மேல் எடுத்தால், இரு சர்வர்களும் ரீபூட் ஆகும். இரு சர்வர்களுக்கும் இடையே ஸ்விட்சைத் தொடாமல் நேரடியாக ஒரு கேபிள் போட்டு, அதை கோரோசிங்கின் இரண்டாவது லிங்க்காகச் சேருங்கள். ஸ்விட்ச் நின்றால் க்யூடிவைஸின் வாக்கு போகும். ஆனால் நேரடிக் கேபிள் வழியே மூன்றில் இரண்டு வாக்குகள் இருக்கும்.

அளவுகோல்:

குவோரம் சரியானதும் அடுத்த சிக்கல் வரும் என்று நினைக்கிறேன். எல்லா வி.எம்.களையும் ஹெச்.ஏ.வில் சேர்த்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவற்றின் நினைவகத்தைக் கூட்டினால் எவ்வளவு?

நெய்தல்78:

மொத்தம் 164 ஜி.பி. டேட்டாபேஸ் 48, ஈ.ஆர்.பி. 24, கோப்பு சர்வர் 16, டொமைன் கன்ட்ரோலர் 8. மீதி 68 ஜி.பி. சோதனை வி.எம்.கள், பழைய ஈ.ஆர்.பி.யின் பிரதி, கேமராப் பதிவு ஆகியவற்றுக்கு.

அளவுகோல்:

அப்படியானால் ஒரு சர்வர் நின்ற நாளில் 164 ஜி.பி.யை 128க்குள் அடைக்க வேண்டியிருக்கும். அந்த 128ம் முழுதாகக் கிடைக்காது. பிராக்ஸ்மாக்ஸ் 8.1 முதல் புதிய நிறுவல்களில் இசட்.எஃப்.எஸ். தற்காலிக நினைவகத்தின் மேல்வரம்பு மொத்த நினைவகத்தில் 10 சதவீதம், அதிகபட்சம் 16 ஜி.பி.; பழைய பதிப்பில் நிறுவி மேம்படுத்தியிருந்தால் அது பாதி நினைவகம் வரை போகும் என்பதால் அதை முதலில் சரிபாருங்கள். சர்வரின் சொந்தத் தேவையையும் சேர்த்து 20 ஜி.பி.யை ஒதுக்கினால் 108 மிஞ்சும். நீங்கள் முதலில் எழுதிய நான்கின் கூட்டுத்தொகை 96. அவை மட்டும் ஹெச்.ஏ.வில் இருக்கட்டும், மற்றவை சர்வர் திரும்பும்வரை காத்திருக்கலாம்.

இதைவிட முக்கியமானது அந்த 15 நிமிடம். சர்வர் திடீரென நின்றால் கடைசி ரெப்ளிகேஷனுக்குப் பிறகு பதிந்த பில்கள் எதிர்ப் பக்கத்தில் இருக்காது. எத்தனை நிமிடப் பதிவுகளைத் திரும்பத் தட்டச்சு செய்ய முடியும் என்று வாடிக்கையாளரிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அதை நாம் முடிவு செய்யக் கூடாது. ரெப்ளிகேஷனை ஒரு நிமிடம் வரை குறைக்கலாம். அதுவும் போதாதென்றால் டேட்டாபேஸ் மென்பொருளின் சொந்த ரெப்ளிகேஷன்தான் வழி. எப்படியிருந்தாலும் பேக்கப்பை விட்டுவிடாதீர்கள்: யாராவது ஒரு டேபிளை அழித்தால் அந்த அழிப்பும் ஒரு நிமிடத்தில் மறுபக்கம் போய்ச் சேர்ந்துவிடும்.

நெய்தல்78:

க்யூடிவைஸ், நேரடிக் கேபிள் இரண்டையும் போட்டு மீண்டும் முதல் சர்வரின் மின்சாரத்தைத் துண்டித்தேன். இரண்டாவது சர்வர் அசையவில்லை. எதிர்பார்க்கும் வாக்கு 3, இருக்கும் வாக்கு 2 என்று காட்டியது. சுமார் இரண்டு நிமிடத்தில், அணைந்த சர்வரிலிருந்த டேட்டாபேஸும் ஈ.ஆர்.பி.யும் இங்கே எழுந்துவிட்டன. ஸ்விட்சை அணைத்தும் பார்த்தேன், இரு சர்வர்களும் நிலையாக இருந்தன. டேட்டாபேஸ் ரெப்ளிகேஷனை ஒரு நிமிடமாக்கியிருக்கிறேன். அது போதுமா என்பதற்கு வாடிக்கையாளரின் எழுத்துப்பூர்வமான பதிலுக்குக் காத்திருக்கிறேன். இருவருக்கும் மனமார்ந்த நன்றி.

கருங்கல்:

மகிழ்ச்சி. ஒன்றை மட்டும் ஒப்படைப்பு ஆவணத்தில் சேர்த்துவிடுங்கள்: பின்னாளில் யாராவது மூன்றாவது சர்வரை இந்தக் கிளஸ்டரில் சேர்க்க வந்தால், முதலில் க்யூடிவைஸை நீக்கிவிட்டுத்தான் சேர்க்க வேண்டும்.