14 செக்மெண்ட் டிஸ்ப்ளேவுக்கு போர்டு வரைந்தவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

நான்கு எழுத்து காட்டும் 14 செக்மெண்ட் (ஓர் எழுத்தை 14 கோட்டுத் துண்டுகளால் வரையும்) எல்ஈடி டிஸ்ப்ளே இரண்டை ஓட்ட, உள்ளங்கை அளவில் ஒரு போர்டு வரைந்தேன். மூளையாக ஈஎஸ்பி32 மைக்ரோகண்ட்ரோலர், கூடவே செக்மெண்டுகளை எரியவிடும் டிரைவராக ஹெச்டி16கே33 சிப். புரோகிராம் சுலபம், நேரத்தைத் தின்றது போர்டுதான்.

இந்த டிரைவர் சிப் 20, 24, 28 பின் என மூன்று உருவத்தில் வருகிறது. 14 செக்மெண்டும் புள்ளியும் சேர்ந்தால் ஓர் எழுத்துக்கு 15 கம்பி. 20 பின்னில் வரிசை, அதாவது செக்மெண்டுக்கான கம்பி, 8தான்; 24 பின்னில் 12. ஆக, 28 பின்னை விட்டால் வேறு வழியில்லை. அதில் 16 வரிசை, 8 காமன் (ஓர் எழுத்தின் எல்லா செக்மெண்டுக்கும் பொதுவான கம்பி). எட்டு எழுத்தும் ஒரே சிப்பில் அடங்கிவிடும்.

ரிச்சி தெருவில் ஒரு கடையில் காமன் கேத்தோடு (பொதுக் கம்பி மைனஸ் பக்கம், இந்த சிப்புக்கு ஏற்றது) என்று கேட்டு வாங்கியதை, மல்டிமீட்டரை டயோடில் வைத்துத் தொட்டுப் பார்த்தால் காமன் ஆனோடு (பொதுக் கம்பி பிளஸ் பக்கம்)! 7 செக்மெண்ட் என்றால் வரிசையையும் காமனையும் இடம் மாற்றிப் போட்டுச் சமாளிக்கலாம். இங்கே காமன் பக்கம் இருப்பதே 8 கம்பி, 14 செக்மெண்ட் எங்கே போகும்? மாற்றித் தந்தார்கள், "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்று சொல்லிவிட்டுத்தான்.

அப்புறம் வோல்டேஜ். டேட்டாஷீட்படி சிப்புக்கு 4.5 முதல் 5.5 வோல்ட். ஐ2சி (சிப்புகள் இரண்டு கம்பியில் பேசிக்கொள்ளும் முறை) சிக்னலை 'ஹை' என்று அது ஏற்க சப்ளையில் 70 சதவீதம், அதாவது 5 வோல்ட்டுக்கு 3.5 வேண்டும். ஈஎஸ்பி32 தருவது 3.3. மேசையில் பெரும்பாலும் ஓடிவிடும், அதை நம்பி பிசிபி அடிக்க எனக்கு மனசு வரவில்லை. சிக்னலை 3.3-லிருந்து 5-க்கு உயர்த்த பிஎஸ்எஸ்138 மாஸ்ஃபெட் இரண்டு போட்டேன்.

*

நான் டிரைவர் சிப்பே இல்லாமல் அட்மெகா328பி மைக்ரோகண்ட்ரோலரிலிருந்து நான்கு எழுத்தை ஓட்டுகிறேன், ஒரு நேரத்தில் ஓர் எழுத்தை மட்டும் எரியவிட்டு வேகமாகச் சுற்றும் மல்டிபிளெக்சிங் முறையில். புள்ளியோடு 15 செக்மெண்ட், 4 காமன், மொத்தம் 19 பின். கணக்கு பார்க்க வேண்டியது காமன் பக்கம். செக்மெண்டுக்கு 10 மில்லிஆம்ப் என்று வைத்தாலும், எல்லாம் எரியும்போது காமனில் 150 ஓடும். ஒரு பின்னின் உச்சவரம்பே 40தான். காமனுக்கு ஒரு டிரான்சிஸ்டர் கட்டாயம். சிப் மொத்தத்துக்கும் 200 என்ற வரம்பு உண்டு.

ஓர் எழுத்தின் நிழல் பக்கத்து எழுத்தில் மங்கலாகத் தெரிகிறதா? டிரான்சிஸ்டர் சட்டென்று அணைவதில்லை. காமனை மாற்றும் முன் எல்லா செக்மெண்டையும் அணைத்து, சில பத்து மைக்ரோசெகண்ட் விட்டுப் பாருங்கள். எழுத்துக்கு 2 மில்லிசெகண்ட் கொடுத்தால் நொடிக்கு 125 சுற்று, கண்ணுக்குத் துடிப்பு தெரியாது. போனில் வீடியோ எடுத்தால் பட்டை பட்டையாக விழலாம், அது வேறு தலைவலி.

*

பழைய ஹெச்பிடிஎல்-1414 டிஸ்ப்ளே எங்காவது கிடைத்தால் விடாதீர்கள். 12 பின், நான்கு எழுத்து. எழுத்து வடிவம், மெமரி, மல்டிபிளெக்சிங் எல்லாம் உள்ளேயே இருக்கிறது. ஏழு டேட்டா கம்பியில் எழுத்துக்குரிய ஆஸ்கி எண்ணை வைத்து, இரண்டு அட்ரஸ் கம்பியில் இடத்தைச் சொல்லி, ரைட் பின்னைத் தட்டினால் போதும். அட்ரஸ் பூஜ்யம் வலது ஓரத்தில் இருப்பதால் சொல் பின்னிருந்து முன்னாக வரும், லூப்பைத் திருப்பி ஓட்டுங்கள். ஆங்கிலச் சின்ன எழுத்து கிடையாது.

தமிழ் வருமா என்று யாராவது கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: 14 செக்மெண்டில் 'ப', 'ட' இரண்டும் கச்சிதமாக வரும். ஆனால் புள்ளி கீழே இருப்பதால் 'ட்' போட வழியில்லை. தமிழ்தான் வேண்டுமென்றால் புள்ளிகளால் எழுத்தை வரையும் டாட் மேட்ரிக்ஸ் பக்கம் போய்விடுங்கள்.