அடுப்புக்குப் பின்சுவரில் என்ன ஒட்டினீர்கள்?

ஸ்ரீரங்கத்துக்காரி:
தங்கை வீட்டில் அடுப்படியை இடித்துக் கட்டுகிறார்கள். அடுப்புக்குப் பின்னால் சுவரில் என்ன போடலாம் என்று தினமும் போன் போட்டு என்னைக் கேட்கிறாள். நான் பட்டதைச் சொல்கிறேன், நீங்களும் சொல்லுங்கள். அப்படியே அவளுக்கு அனுப்பிவிடுகிறேன்.

நான் கடையில் பார்த்ததும் மயங்கி, மேடும் பள்ளமுமாகச் செங்கல் அடுக்கியது போல இருக்கும் டைல்ஸ் வாங்கினேன். வெளிர் கிரீம் நிறம். முதல் மாதம் லட்சணமாகத்தான் இருந்தது. எங்கள் வீட்டில் வாரம் இரண்டு நாளாவது வடையோ அப்பளமோ பொரியும். குக்கர் விசில் வந்தால் பருப்புத் தண்ணீர் வேறு சுவர் வரை சீறும். எண்ணெய்ப் பிசுக்கு பள்ளத்தில் இறங்கி, அதன் மேல் தூசி படிந்து, ஆறே மாதத்தில் பழைய டீக்கடைச் சுவர் மாதிரி ஆகிவிட்டது. பழைய டூத் பிரஷ்ஷை வைத்துத் தேய்த்தால் டைல்ஸ் வெளுக்கும். இடுக்கில் பூசிய வெள்ளை சிமெண்ட் மட்டும் வெளுக்காது. அது மஞ்சளைக் குடித்துவிட்டது. ஆத்திரத்தில் பாத்ரூம் கழுவுகிற ஆசிட்டைத் தடவினேன். சிமெண்ட் நுரைத்து அரித்துப்போய், இடுக்கு இன்னும் ஆழமானதுதான் மிச்சம்.

கடைசியில் அடுப்பு நிற்கிற பகுதியை மட்டும் பெயர்த்துவிட்டு, 4 அடிக்கு 2 அடி வழவழப்பான விட்ரிஃபைட் டைல்ஸ் ஒட்டினோம். மொத்தமே இரண்டு மூன்று இடுக்குதான். அதற்கும் எபாக்ஸி பூசச் சொன்னேன். இரண்டு பொருளைக் கலந்து பூசுவது அது, சீக்கிரம் இறுகிவிடும். வழிந்ததை உடனே துடைக்காவிட்டால் டைல்ஸ் மேல் பாலாடை மாதிரி படிந்து, பிறகு லேசில் போகாது. பக்கத்திலேயே நின்று துடைக்க வைத்தேன். சிமெண்டைவிட விலை பல மடங்கு. ஆனால் மூன்று வருடமாகிறது, மஞ்சள் ஏறவில்லை.

பெரம்பூர் மாடிவீடு:
இடுக்கே வேண்டாம் என்றுதான் நாங்கள் கண்ணாடிக்குப் போனோம். பின்பக்கம் பெயிண்ட் அடித்த டஃபன்டு கண்ணாடி, 8 மி.மீ. இதில் ஒரு சங்கதி இருக்கிறது. பிளக் பாயின்டுக்கான ஓட்டையை, கண்ணாடியைச் சூடேற்றிப் பதப்படுத்துவதற்கு முன்பே வெட்டியாக வேண்டும். பிறகு கை வைத்தால் மொத்தமும் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். நாங்கள் அளவு கொடுத்த பிறகு, மிக்ஸி பாயின்டை நாலு அங்குலம் தள்ளி வைக்கலாம் என்று வீட்டுக்காரர் எலக்ட்ரீஷியனிடம் சொல்லியிருக்கிறார். எனக்குத் தெரியாது. கண்ணாடி வந்து இறங்கிய அன்று வீட்டில் நடந்ததை இங்கே எழுத முடியாது.

இரண்டாவது கண்ணாடி நன்றாகவே இருக்கிறது. சமையல் முடிந்ததும் ஈரத்துணியால் ஒரு இழுப்பு, அவ்வளவுதான். அக்கா, தங்கையிடம் ஒயரிங் வேலை முழுசாக முடிந்த பிறகு அளவு எடுக்கச் சொல்லுங்கள்.

தூத்துக்குடி உப்புக்காற்று:
ஓட்டல்களில் போடுவது போல ஸ்டீல் தகடு அடித்தேன். காந்தம் ஒட்டவில்லை, அதனால் நல்ல ஸ்டீல் என்றார் கடைக்காரர். நம்பிவிட்டேன். ஒரே மழைக்காலத்தில் பழுப்புப் புள்ளிகள். பிறகு விசாரித்தால், மட்டமான 202 ரகத் தகட்டிலும் காந்தம் ஒட்டாதாம், நல்ல ரகமான 304-லும் ஒட்டாதாம். பில்லில் 304 என்று எழுதி வாங்கியிருக்க வேண்டும். கடலோரத்தில் அதையும் அடிக்கடி துடைத்தால்தான் பிழைக்கும். கம்பி நார் போட்டுத் தேய்த்த கோடுகள் வேறு, அது என் கைங்கரியம்.

வாடகைவீட்டுக்காரன்:
நான் செய்த முட்டாள்தனத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓனர் ஆணி அடிக்க விடமாட்டார் என்று, பின்னால் பசை உள்ள பிளாஸ்டிக் ஷீட்டை ஒட்டினேன். நாலு பர்னர் அடுப்பில் பின்பக்க பர்னர் சுவருக்கு ஒரு சாண் தூரம்கூட இல்லை. பொங்கலுக்குப் பெரிய உருளியை ஏற்றி முழுத்தீ வைத்தேன். தீ பாத்திரத்தின் அடியில் பட்டுப் பக்கவாட்டில் விரிந்தது, ஷீட் சுருண்டு நாறிவிட்டது. நல்லவேளை, பற்றிக்கொள்ளவில்லை. பிவிசி பேனலும் அப்படித்தான், சூடு தாங்காது. அடுப்புப் பக்கம் அதைக் கொண்டுவராதீர்கள்.

மதுரை மீனாட்சிபக்தை:
எங்கள் அம்மா எதுவும் யோசிக்கவில்லை. மேடைக்குப் போட்ட கறுப்பு கிரானைட்டையே சுவரில் இரண்டடி ஏற்றிவிட்டார். இருபது வருடம் ஓடிவிட்டது. அடுப்படி கொஞ்சம் இருட்டாகத் தெரியும், அது ஒன்றுதான் குறை. வெள்ளை மார்பிள் மட்டும் வேண்டாம். புளியும் எலுமிச்சையும் பட்ட இடமெல்லாம் பளபளப்பு போய்விடும்.

ஸ்ரீரங்கத்துக்காரி:
எல்லோருக்கும் நன்றி. தங்கைக்கு அனுப்பிவிட்டேன். ராத்திரி முழுக்கப் படித்திருக்கிறாள் போல. காலையில் போன் போட்டு, "அக்கா, அந்தச் செங்கல் டிசைன் எந்தக் கடையில வாங்கின?" என்கிறாள்.