டிபியா, சார்காய்டோசிஸா: எங்கள் வீடுகளில் நடந்தது

தக்கலையிலிருந்து:
சார்காய்டோசிஸ் என்பது நுரையீரல், நெறிக்கட்டி, கண் போன்ற இடங்களில் சின்னச் சின்ன அழற்சிக் கட்டிகள் உண்டாகும் நோய்; பார்த்தால் டிபி போலவே இருக்கும். எங்கள் மைனிக்கு விடாத இருமல், சாயங்காலமானால் காய்ச்சல், உடம்பும் மெலிந்துகொண்டே போனது. எக்ஸ்ரேயில் நெஞ்சின் நடுவே இரண்டு பக்கமும் நெறிக்கட்டி. சளியில் கிருமி இல்லை. ஆனாலும் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் டிபி மாத்திரையைத் தொடங்கிவிட்டார்கள். மாதங்கள் போயும் கட்டி சுருங்கவில்லை. அப்புறம் கண் சிவந்து பார்வை மங்கியது. டிபி மருந்தில் ஒன்றான எத்தாம்பூட்டால் மாத்திரையாலும் பார்வை மங்கும் என்பதால் முதலில் அதன்மேல்தான் சந்தேகம். திருவனந்தபுரத்தில் கண் டாக்டர் பார்த்துவிட்டு, கண்ணுக்குள் அழற்சி இருக்கிறது, நெஞ்சையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றார்.

அங்கே மூச்சுக்குழாய் வழியாக ஊசி விட்டு நெறிக்கட்டியிலிருந்து திசு எடுத்தார்கள். அதில் கிரானுலோமா, அதாவது அழற்சி அணுக்கள் திரண்ட சின்னக் கட்டி, இருந்தது. அது டிபியிலும் வரும், ஆனால் அதில் பெரும்பாலும் நடுப்பகுதி செத்துப் பாலாடைக்கட்டி போல இருக்கும். மைனியுடையதில் அப்படி இல்லை. டிபி கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் இரண்டும் நெகட்டிவ். டிபி கிருமி உடம்பில் நுழைந்திருக்கிறதா என்று பார்க்கக் கையில் போடும் மாந்தூ ஊசி போட்ட இடமும் தடிக்கவில்லை. நம் நாட்டில் பெரியவர்கள் நிறைய பேருக்கு அது தடிக்கும், சார்காய்டோசிஸ் வந்தவர்களில் பலருக்குத் தடிக்காது. இத்தனையும் பார்த்த பிறகுதான் சார்காய்டோசிஸ் என்று முடிவுசெய்து, அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு கொடுத்தார்கள். இப்போது மைனி மாடிப்படி ஏறுகிறார், கண்ணும் தெளிந்துவிட்டது.

குளச்சலிலிருந்து:
அக்கா, என் தம்பிக்கும் சார்காய்டோசிஸ்தான். டிபி கிருமிக்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று டாக்டரிடம் கேட்டேன். 2005இல் சார்காய்டோசிஸ் திசுக்களில் மைக்கோபாக்டீரியாவின் (டிபி கிருமியின் குடும்பம்) கேட்-ஜி என்ற புரதத்தைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். உயிருள்ள கிருமி வளராவிட்டாலும், மிஞ்சிப்போன புரதத்தை உடம்பு விடாமல் எதிர்ப்பதால் கட்டி உண்டாகலாம் என்பது ஒரு கருத்து. அப்படியென்றால் கிருமிக்கான மருந்து கேட்குமே என்று எனக்கும் தோன்றியது. அமெரிக்காவில் லெவோபிளாக்சசின், எத்தாம்பூட்டால், அசித்ரோமைசின், ரிஃபாம்பின் சேர்த்து 16 வாரம் கொடுத்துப் பார்த்தார்களாம். 2021இல் வந்த முடிவில் நுரையீரலின் மூச்சுக் கொள்ளளவு கூடவில்லை. அதனால் தயவுசெய்து யாரும் சொந்தமாக டிபி மாத்திரை வாங்கிப் போடாதீர்கள்.

மார்த்தாண்டத்திலிருந்து:
எங்கள் வீட்டில் நேர் எதிர். அப்பாவுக்கு சார்காய்டோசிஸ் என்று ஸ்டீராய்டு தொடங்கியதும் காய்ச்சல் கூடியது. எடுத்த திசு முழுவதையும், கிருமியைக் கொன்றுவிடும் ஃபார்மலினில் போட்டிருந்ததால் கல்ச்சர் செய்யவே வழியில்லை. மறுபடி திசு எடுத்தபோது டிபி கிருமி வளர்ந்தது. டிபி மருந்தில்தான் குணமானார். திசு எடுக்கும் அன்றைக்கே, ஒரு துண்டை சலைனில் (உப்புநீரில்) போட்டு கல்ச்சருக்கும் சிபிநாட்டுக்கும் அனுப்புவீர்களா என்று கேட்டுவிடுங்கள். கல்ச்சர் முடிவு வர ஆறு வாரம்கூட ஆகும். ஸ்டீராய்டு தொடங்காமல் அதுவரை பொறுக்கலாமா என்பதையும் டாக்டரிடமே கேளுங்கள். கண்ணோ இதயமோ பாதித்திருந்தால் அவர்கள் காத்திருக்க மாட்டார்கள்.